பட்டினமும் பரீட்சையும்

சென்ற மாதத்தில் ஒரு சொந்தக் காரியமாக நாம் கம்பத்துக்குப் போயிருந்தோம். பழைய சிநேகிதர் ஒருவருடைய வீட்டில் நான்கு நாள் தங்க நேர்ந்தது. சிநேகிதர் பன்னீர்த் திராட்சை பயிரிடுகிறவர். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் திராட்சை ஆண்டு முழுவதும் காய்க்கும் என்பதும், 2023 ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதும் நேயர்களில் பலர் அறிந்ததே. ஆகையால் வயிற்றுக்கு ஒரு குறைவும் இல்லை. குறைவெல்லாம் தூக்கத்துக்குத்தான்.

முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் கிளம்பிவிட்டது. "மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், நாளங்காடி, அல்லங்காடி, மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம்..." என்று வாய்பாடு ஒப்பிப்பது போல் அது ஓடிக்கொண்டிருந்தது. பதினாறாம் வாய்பாடாவது ஓர் இடத்தில் முடிந்துவிடும். இந்த அங்காடிகள் முடிவதாக இல்லை. எழுந்து போய்ப் பார்த்தோம். சிநேகிதருடைய மூத்த பெண் கையில் ஒரு கத்தை ஜெராக்ஸ் காகிதங்களுடன் கூடத்தில் மேலும் கீழும் நடந்து கொண்டிருந்தாள்.

அவள் தேனிப் பக்கத்துக் கலாசாலை ஒன்றில் தமிழிலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். தினமும் பஸ் பிரயாணம். அவளுடைய பாட்டி கைநாட்டு வைத்தவள். தகப்பனார் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு தோட்டத்துக்கு வந்தவர். அந்தக் குடும்பத்தில் கலாசாலையின் வாசற்படி ஏறியவள் இவள் ஒருத்திதான்.

"அந்த அங்காடிகளை ஏனம்மா இப்படி விடாமல் பிடித்து உலுக்குகிறாய்?" என்று கேட்டோம்.

"பரீட்சை, பெரியப்பா. நகரங்களைப் பற்றிய இலக்கியம் என்று ஒரு பேப்பர். பட்டினப்பாலை, மதுரைக்காஞ்சி, சிலப்பதிகாரம், அப்புறம் புதுமைப்பித்தன் கதைகள், அசோகமித்திரனுடைய 'தண்ணீர்'. இன்னும் நான்கு நாளில் இடைப் பருவத் தேர்வு. இன்டர்னலில் மார்க்கு போய்விட்டால் கடைசிப் பரீட்சையில் ஈடுகட்ட முடியாது."

இதைக் கேட்டு நாம் சிரிக்கவில்லை. இப்போது பல கலாசாலைகளில் மொத்தம் 100 மதிப்பெண்களில் 25 மதிப்பெண் இந்த நடுவழிப் பரீட்சைகளுக்கும் கட்டுரைகளுக்குமே போகிறது. அந்தக் காலத்தைப் போல் வருஷம் முழுவதும் ஊர் சுற்றிவிட்டுப் பங்குனி மாதத்தில் குடுமியைத் தூணில் கட்டிப் படித்துத் தேறிவிட முடியாது. தவிர, அவள் மதுரைக்குப் போய் எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். தகப்பனாருக்கு அரை மனசு. "மார்க்கு வாங்கிக் காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த அங்காடிகளின் மேல் அவளுடைய எதிர்காலமே கடை போட்டிருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அவளுடைய உண்மையான பயம் வேறு. அதைச் சற்று நேரம் கழித்துத்தான் சொன்னாள்.

"நான் மதுரையையே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன், பெரியப்பா. சென்னையைப் பார்த்ததே இல்லை. நகரத்தைப் பற்றிப் பட்டணத்துப் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வருமா? அதனால்தான் நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைதான் இவ்வாரம் நம்மை எழுதத் தூண்டியது.

* * *

அந்த நோட்ஸை வாங்கிப் பார்த்தோம். யார் எழுதியதோ, எத்தனை கை மாறியதோ, எத்தனை தடவை யந்திரத்தில் ஏறி இறங்கியதோ, எழுத்துக்கள் பாதி மறைந்து போயிருந்தன. "பட்டினப்பாலை காட்டும் புகார் நகரின் வாணிகச் சிறப்பு" என்ற தலைப்பின்கீழ் எட்டு உபதலைப்புகள். அவற்றில் ஒன்றை அவள் உரக்கப் படித்தாள்: "கடல் வழியே மிளகு மூட்டைகள் வந்து இறங்கின, தரை வழியே குதிரைகள் வந்தன."

திண்ணையில் உட்கார்ந்து பல் விளக்கிக் கொண்டிருந்த தகப்பனார் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி சொன்னே? மிளகு கடலிலேயா வந்தது? மிளகு மலையிலேருந்துல்ல இறங்கும்!" என்று சொல்லி, மேற்கே இன்னும் இருட்டாக நின்ற மலைத்தொடரைக் கையால் காட்டினார்.

பெண் விழித்தாள். மூல நூலை எடுத்துவரச் சொன்னோம். பட்டினப்பாலை 301 அடிகளே கொண்ட பாட்டு. அந்தப் பகுதியை மூவருமாகச் சேர்ந்து வாசித்தோம். உருத்திரங்கண்ணனார் சொல்வது தகப்பனார் சொன்னதுதான். குதிரைகள் கடல் வழியே கப்பலில் வந்தன. மிளகு மூட்டைகள் தரை வழியே வண்டியில் வந்தன. வடமலையிலிருந்து மணியும் பொன்னும், குடமலையிலிருந்து சந்தனமும் அகிலும், தென்கடலிலிருந்து முத்தும், கீழ்க்கடலிலிருந்து பவளமும், கங்கையின் விளைவும் காவிரியின் பயனும், ஈழத்து உணவும் கடாரத்துப் பொருளும் எனப் புலவர் ஒவ்வொன்றுக்கும் அது வந்த வழியைச் சொல்லியிருக்கிறார். நோட்ஸ் எழுதியவர் கப்பலையும் வண்டியையும் மாற்றிக் கட்டிவிட்டார். அதற்குப் பின் அதைப் படியெடுத்த ஒருவரும் அந்த வண்டியை நிறுத்திச் சோதிக்கவில்லை.

எட்டாவது வரை படித்த ஒருவர் பட்டினப்பாலையில் ஒரு பிழையைத் திண்ணையிலிருந்தபடியே கண்டுபிடித்தது எப்படி? அவர் பட்டினப்பாலையைப் படித்ததில்லை. மிளகையும் ஏலத்தையும் மலையிலிருந்து ஜீப்பிலும் லாரியிலும் இறங்கிவரக் கண்டிருக்கிறார். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போவதைப் பார்த்திருக்கிறார். புகார்த் துறைமுகத்தில் பொதிகளின்மேல் சோழனுடைய புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்கினார்கள் என்று சொன்னதும், "அது சரிதான். எங்கள் திராட்சைப் பெட்டியிலும் கமிஷன் கடைக்காரர் குறி போட்டால்தான் பெட்டி நகரும். முன்னே குமுளியிலே சோதனைச் சாவடியில் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை தாண்ட முடியாதே!" என்றார். நகரத்தின் கடைத்தெருவை அவர் கொள்முதல் பக்கத்திலிருந்து அறிந்தவர். உருத்திரங்கண்ணனாரும் புகாரை அந்தப் பக்கத்திலிருந்துதான் காட்டுகிறார்.

* * *

ஏடு படியெடுக்கும்போது பிழை நுழைவது புதிய சங்கதி அல்ல. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889 இலும், சிலப்பதிகாரத்தை 1892 இலும் அச்சிட்டார். அதற்கு முன் ஊர் ஊராகப் போய் ஏட்டுச் சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்த்து, எது புலவன் வாக்கு, எது ஏடெழுதினவனின் கைப்பிசகு என்று தீர்மானிப்பதில் அவர் கண்ணும் காலமும் கழிந்தன. அந்தப் பெரியவர் ஒற்றை ஏட்டை நம்பி ஒரு வரியும் அச்சிட விரும்பாதவர். அவர் அளித்த புத்தகம் கையில் இருக்கும்போது, பெயர் தெரியாத ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை வேதமாகக் கொள்வது நியாயமா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய முதல் யோசனை இதுதான்: நோட்ஸ் இருக்கட்டும், ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூலத்தில் இடம் தேடுங்கள். தேடிக் கண்டுபிடித்தது மறக்காது. கிடைக்காதது பரீட்சைத் தாளில் ஏறாது.

நிற்க. இடைப் பருவப் பரீட்சை என்பது பாதி வழியில் இருக்கும் சத்திரம் போன்றது. அங்கே மூட்டையை அவிழ்த்து, எது இருக்கிறது, எது விழுந்துவிட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். முழுப் பிரயாணமும் அங்கேயே முடிந்துவிட்டது போல் கலங்கவேண்டியதில்லை. நான்கு இரவுகள் இருந்தன. நான்கு பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படிப்பது என்று நாங்கள் ஏற்பாடு செய்துகொண்டோம்.

முதல் இரவு பட்டினப்பாலை. கேள்வி: "இது எங்கிருந்து வந்தது?" இந்தக் கேள்வியோடு படித்தபோது எட்டு உபதலைப்புகள் தாமாகவே உதிர்ந்துபோய், பொருள்களும் திசைகளும் நின்றன. அதோடு, மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இன்னொன்றும் தென்பட்டது. இந்தப் பாட்டு ஓர் அகப்பாட்டு. பொருள் தேடப் போகவேண்டிய தலைவன் தன் நெஞ்சைப் பார்த்து, "இவ்வளவு சிறந்த பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வரமாட்டேன்" என்று சொல்வதாக அமைந்தது. புகாரின் செல்வம் முழுவதையும் புலவர் அடுக்கிக் காட்டுவது, அதை வேண்டாம் என்று ஒருவன் சொல்வதற்காக! வீட்டை விட்டு நகரத்துக்குப் போவதா வேண்டாமா என்ற விசாரம் எவ்வளவு பழையது, பாருங்கள். எம்.ஏ. படிக்க விரும்பும் பெண் இதைக் கேட்டுத் தகப்பனாரைப் பார்த்தாள். தகப்பனார் கூரையைப் பார்த்தார்.

இரண்டாம் இரவு மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் மிக நீண்டது, 782 அடி. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்லிய பாட்டு. நீளத்தைக் கண்டு மாணவர்கள் மலைக்கிறார்கள். இதற்கு வைத்துக்கொண்ட கேள்வி: "இப்போது மணி என்ன?" ஏனென்றால் புலவர் மதுரையைப் பொழுதின் வரிசையில் காட்டுகிறார். பகலில் நாளங்காடியின் ஆரவாரம், மாலையில் அல்லங்காடி, பிறகு ஒவ்வொரு யாமமாக இரவு கழிகிறது. கடைகள் அடைக்கிறார்கள். நடுச்சாமத்தில் நூலேணியோடு கள்வர் புறப்படுகிறார்கள். அவர்களைத் தேடி ஊர்க்காவலரும் புறப்படுகிறார்கள். கடைசியில் விடிகிறது, வேதம் ஓதும் ஒலியும், கோழி கூவுவதும், வீட்டுக் கதவுகள் திறக்கும் சத்தமும் கேட்கின்றன. இந்தக் கடிகார வரிசையைப் பிடித்துக்கொண்டால் 782 அடியும் ஓர் இரவுக்குள் அடங்கிவிடும்.

"நடு இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டோம். தெரியும். திராட்சையும் வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் பள்ளத்தாக்கிலிருந்து புறப்படுவது இரவில்தான். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தை விடியுமுன் கூடுவது, இங்கே யாரோ இரவெல்லாம் விழித்திருந்ததனால்தான். மதுரையின் காலைப் பொழுது கம்பத்தில் நடுச்சாமத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

* * *

மூன்றாம் இரவு சிலப்பதிகாரம். மூன்று காண்டம், முப்பது காதை. புகார்க் காண்டத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை. மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை. இரண்டும் நகர வருணனைக்குப் பேர்போனவை. ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் இரத்தின வீதி, பொன் வீதி, துணி வீதி, தானிய வீதி எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறான். அந்தத் தானிய வீதியிலும் மிளகு மூட்டைகள் இருக்கின்றன. "நம்ம மிளகு!" என்றாள் பெண்.

இதற்கு வைத்த கேள்வி: "யார் எந்த வழியாக வருகிறார், எந்த வழியாகப் போகிறார்?" கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு அந்நியர்கள். மதிலுக்கு உள்ளே அவர்களுக்கு இடம் இல்லை. வெளியே ஆயர் சேரியில் மாதரி வீட்டில் தங்குகிறார்கள். கோவலன் நகரத்தைப் பார்த்து வியந்து திரும்புகிறான். மறுபடி உள்ளே போனபோது நகரம் அவனைக் கொன்றுவிடுகிறது. நகரத்தின் நீதியைத் தட்டிக் கேட்பவள் அந்த நகரத்தில் ஒரு உறவுகூட இல்லாத வெளியூர்ப் பெண். கீழ்த்திசை வாயிலால் கணவனோடு வந்தவள், மேல்திசை வாயிலால் தனியே வெளியேறுகிறாள். வையைக் கரையைப் பிடித்துக்கொண்டு இரவு பகல் பாராமல் மேற்கே நடந்து, ஒரு மலையில் ஏறி, வேங்கை மரத்தின் நிழலில் நிற்கிறாள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொன்னோம். "மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே நடந்தால் எங்கே வந்து சேரும்?" என்று கேட்டோம்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு மெதுவாக, "இங்கேதான்" என்றாள்.

கூடலூருக்கு அப்பால், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையான மலையில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மங்கலதேவி கோயில் இடிந்து நிற்கிறது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் சொல்லும் வழியைத் தேடி நடந்து, 1963 ஆம் ஆண்டில் இதுவே கண்ணகி கோட்டம் என்று வெளிப்படுத்தினார். இளங்கோவடிகள் சொல்லும் குன்றம் இதுதானா என்பதில் அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் பள்ளத்தாக்கின் ஜனங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று, வனத்துறையார் வழிவிடுகிறார்கள். பளியன்குடிப் பக்கத்திலிருந்து கால்நடையாகவும் குமுளிப் பக்கத்திலிருந்து ஜீப்பிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறிப்போகிறார்கள்.

"பாட்டியோடு ஒரு தடவை போயிருக்கிறேன், பெரியப்பா. சின்னப் பிள்ளை. கால் வலித்ததுதான் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கண்ணகியும் இந்தப் புத்தகத்துக் கண்ணகியும் ஒன்று என்று எனக்கு எப்போதும் தோன்றியதே இல்லை" என்றாள்.

இதுதான் நாம் சொல்ல வந்த விஷயம். பாட்டியோடு ஏறிய மலை ஒரு பக்கம். பரீட்சைக்குப் படிக்கும் பாடம் ஒரு பக்கம். நடுவே ஒரு மதில். மதிலைக் கட்டியவர்கள் நாம்தான். நகரத்தைப் பற்றிய இலக்கியம் நகரத்தாருக்கு உரியது, மற்றவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கலாம் என்று எப்படியோ பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டிருக்கிறது.

* * *

உண்மை இதற்கு நேர் எதிரானது. நகரத்தைப் பாடியவர்கள் யார் யார் என்று பாருங்கள். புகாரைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மதுரையைப் பாடியவர் மாங்குடி மருதனார். இருவர் பெயருக்கு முன்னும் வேறு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோழனுடைய புகாரையும் பாண்டியனுடைய மதுரையையும் ஒரே காவியத்தில் கண்முன் நிறுத்திய இளங்கோவோ சேர நாட்டவர் என்பது மரபு. சென்னைப் பட்டணத்துக்கு வருவோம். திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன், 1943 இல் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையில், கடவுளையே பட்டணத்துத் தெருவில் வழி தெரியாத வெளியூர் ஆசாமியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சிகந்தராபாத்தில் 1931 இல் பிறந்து வளர்ந்து, பின்னர் சென்னைக்கு வந்து குடியேறிய அசோகமித்திரனே அந்நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தை நாவலாக எழுதினார். கடல் கடந்த உதாரணம் வேண்டுமானால், டப்ளின் நகரத்தின் ஒரே நாளை 1922 இல் வெளிவந்த 'யுலிஸிஸ்' என்ற பெரும் நாவலாக்கிய ஜேம்ஸ் ஜாய்ஸ், அதை எழுதியது டிரியெஸ்ட், ஜூரிச், பாரிஸ் ஆகிய அந்நிய நகரங்களில் உட்கார்ந்துதான்.

நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் குழாயைத் திருகினால் தண்ணீர் வருவது இயற்கை. வெளியிலிருந்து வருகிறவன்தான், "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பான். அந்தக் கேள்வியிலிருந்து இலக்கியம் பிறக்கிறது.

நான்காம் இரவு 'தண்ணீர்' நாவலைப் படித்தபோது இது இன்னும் தெளிவாகிவிட்டது. 1970களில் வெளிவந்த நாவல். சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அலைகிறார்கள். ஜமுனாவின் வாழ்க்கை முழுவதும் அந்த வறட்சியோடு பிணைந்து கிடக்கிறது. இதற்கு வைத்த கேள்வி: "யாருக்குக் கிடைக்கவில்லை?" கம்பத்துப் பெண்ணுக்கு இதை விளங்கவைக்க நாம் ஒன்றும் சிரமப்படவில்லை. பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895 இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடவேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலை நனைத்துவிட்டு, வைகையில் சேருகிறது. 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து அது மதுரைக்குக் குடிநீராகப் போகிறது. அந்த அணைக்காக மூழ்கிய கிராமங்களின் கதையைத்தான் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று எழுதி, 2003 ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி பரிசைப் பெற்றார். ஒரு நகரத்தின் குழாயில் தண்ணீர் வருவதற்கு வேறோர் இடத்தில் ஓர் ஊர் போகவேண்டியிருக்கிறது. 'தண்ணீர்' நாவலையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒன்று குழாயின் அந்த முனை, மற்றொன்று இந்த முனை என்பது விளங்கும்.

* * *

பரீட்சை எழுதுவதற்கும் சில கைப்பாகங்கள் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறோம். செய்யுளை வாய்விட்டு, சீர் பிரித்துப் படிக்கவேண்டும். கண்ணால் படித்தால் பாதிதான் ஏறும். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பார்க்கவேண்டும். எழுதும்போது எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் மறுபடி படிக்கவேண்டிய இடம் இருக்கிறது. "சிறந்து விளங்கியது", "மிகவும் செழிப்பாக இருந்தது" என்று பத்து வாக்கியம் எழுதுவதைக் காட்டிலும், மிளகு எந்த வழியில் வந்தது என்று ஒரு வாக்கியம் எழுதுவது மேல். கடைசி இரவு பத்து மணிக்குப் படுத்துவிடவேண்டும். நடுச்சாமத்தில் விழித்திருப்பதைக் கள்வருக்கும் காவலருக்கும் லாரிக்காரருக்கும் விட்டுவிடலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்களுக்கு இந்தப் படிப்பெல்லாம் என்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சந்தையும், பயிரும், தண்ணீரும், வழியும் உங்களுக்குத் தெரியும். பழைய புலவர்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956 இல் தோன்றிய பிறகு, பள்ளத்தாக்கிலேயே ஒரு கலாசாலை உண்டாயிற்று. அகலப்பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டிருந்த ரயில் 2022 இல் மதுரையிலிருந்து தேனி வரையிலும், 2023 இல் போடி வரையிலும் மறுபடி ஓடத் தொடங்கியது. போடியிலிருந்து சென்னைக்கே இப்போது ரயில் இருக்கிறது. வழிகள் திறந்துவிட்டன. அந்த வழியே போகும் பிள்ளைகள் தலை குனிந்து போகவேண்டியதில்லை. நகரத்துக்குச் சோறும் தண்ணீரும் அனுப்புகிற ஊரிலிருந்து அவர்கள் போகிறார்கள்.

ஐந்தாம் நாள் காலை அவள் ஏழு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். ஜெராக்ஸ் கத்தையைத் தாத்தா காலத்து மரப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, மூல நூலை மட்டும் பையில் எடுத்துக்கொண்டாள். நாமும் அன்றே ஊர் திரும்பினோம். அன்று மாலை டெலிபோனில் பேசினாள். புகாரின் வாணிகத்தைப் பற்றிய கேள்வி வந்ததாம். கண்ணகி மதுரையை விட்டு நீங்கியதைப் பற்றியும் ஒன்று வந்ததாம். இரண்டையும் எழுதினாளாம். மார்க்கு இன்னும் வரவில்லை. எத்தனை வந்தாலும் அதைப் பற்றி அடுத்த தடவை கம்பம் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

பக்கத்தில் தகப்பனாரின் குரல் கேட்டது. எத்தனை பக்கம் எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை. "மிளகைச் சரியா இறக்கினியா, தாயி?" என்று கேட்டார்.

"இறக்கிட்டேன்ப்பா. வண்டியிலேதான்" என்றாள் பெண்.

"அப்படின்னா, மதுரையிலே விடுதிக்கு என்ன ஆகும்னு விசாரிச்சு வை" என்றார் தகப்பனார்.